கலர் ஓவரா தூக்கலா வர்ற போட்டோவ சரி பண்றது எப்படி

கேமரால எடுத்த போட்டோவ கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா புல்லு பெயின்ட் அடிச்ச கணக்கா இருக்கு, மூஞ்சியெல்லாம் ஆரஞ்சா இருக்கு, சிவப்பு ரோஜாவுல இதழே தெரியாம ஒரே அப்பலா கெடக்குன்னா முக்கால்வாசி பேர் உடனே பண்றது சாச்சுரேஷன் (கலரோட அடர்த்தி) ஸ்லைடர புடிச்சு இடது பக்கம் இழுக்குறதுதான். இழுத்தா என்ன ஆகும், நல்லா இருந்த கலரும் சேந்து வெளுத்துப் போகும், ஆனா அந்த ரோஜா மட்டும் அப்பவும் அதே அப்பலா, கொஞ்சம் மங்கலா நிக்கும், அவ்ளோதான். ஸ்லைடர தொடுறதுக்கு முன்னாடி தப்பு எங்க இருக்குன்னு பாத்துடுங்க. அது ஸ்கிரீன்ல இருக்கலாம், கேமரா செட்டிங்ல இருக்கலாம், இல்லன்னா சிவப்பு, பச்சை, நீலம்னு படத்துல இருக்குற மூணு கலர் சேனல்ல ஒண்ணு மட்டும் நிரம்பி வழிஞ்சிருக்கலாம், ஒண்ணொண்ணுக்கும் வைத்தியம் வேற.

ஸ்கிரீன முதல்ல பாத்துடலாம், ஏன்னா ஃபைல்ல ஒரு தப்பும் இல்லாம சும்மா உக்காந்து எடிட் பண்ணி கெடுக்குறவங்க நெறைய பேர். நெட்ல பாக்குற போட்டோ பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி கலர் ஸ்பேஸ்ல (எந்த நம்பருக்கு எந்த கலர்னு சொல்ற ஒரு அளவுகோல்) இருக்கும், அது 1996ல எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேந்து கொண்டுவந்தது. இப்ப வர்ற நெறைய மானிட்டர், போன் ஸ்கிரீன் எல்லாம் அத விட அகலமான கலர் காட்டும். கலர் புரொஃபைல (ஃபைல் எந்த கலர் ஸ்பேஸ்ல இருக்குன்னு சொல்ற குறிப்பு) மதிக்காத சாஃப்ட்வேர்ல படத்த தொறந்தா, எஸ்ஆர்ஜிபியோட சிவப்புன்னு நெனச்சு எழுதின நம்பர அந்த மானிட்டர் தன்னோட அதிகபட்ச சிவப்பா காட்டிடும், அதான் எல்லாமே கொதிக்குது. அதே ஃபைல ஒரு நல்ல பிரவுசர்லயும் எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் தொறந்து பாருங்க, ஒண்ணுல சரியா இருந்து இன்னொண்ணுல மட்டும் எரியுதுன்னா ஃபைல் மேல தப்பு இல்ல. மானிட்டர்ல எஸ்ஆர்ஜிபி மோட் இருந்தா அதப் போடுங்க, போன்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல விவிட்னு இருந்தா நேச்சுரலுக்கு மாத்துங்க. இதுக்கு தலைகீழாவும் ஒண்ணு நடக்கும்: கேமராவுல அடோபி ஆர்ஜிபின்னு எஸ்ஆர்ஜிபிய விட அகலமான கலர் ஸ்பேஸ போட்டு வச்சிருப்பாங்க, அது புரொஃபைல் தெரியாத சாஃப்ட்வேர்ல டல்லா தெரியும், டல்லா இருக்கேன்னு கலர ஏத்துவாங்க, அப்புறம் வேற இடத்துல பாத்தா கண்ணு கூசும். ஜேபெக் (கேமராவே கலர் சேத்து சுருக்கி குடுக்குற சாதாரண போட்டோ ஃபைல்) மட்டும் எடுக்குறவங்க கேமராவுல எஸ்ஆர்ஜிபியே வச்சுக்குங்க, தலைவலி இல்ல.

அடுத்து கேமரா செட்டிங். கேனான்ல பிக்சர் ஸ்டைல்னு இருக்கும், நிக்கான்ல பிக்சர் கண்ட்ரோல், ஃபுஜில ஃபிலிம் சிமுலேஷன், சோனி புது மாடல்ல கிரியேட்டிவ் லுக். லேண்ட்ஸ்கேப், விவிட், வெல்வியா இதுல எதாவது ஆன்ல இருந்தா கேமராவே கலர ஏத்தித்தான் குடுக்கும். நியூட்ரல் போடுங்க, அது ரொம்ப சப்புன்னு இருக்குன்னு தோணுச்சுன்னா ஸ்டாண்டர்டே வச்சுட்டு உள்ள போய் சாச்சுரேஷன ஒரு படி ரெண்டு படி குறைங்க, கான்ட்ராஸ்டையும் ஒரு படி குறைங்க. கான்ட்ராஸ்ட் ஏறினா கலரும் கூடவே ஏறும், இது பல பேருக்கு தெரியறதில்ல. என்னைக் கேட்டா விவிட் மோட கடைல கேமரா விக்கறதுக்குன்னே வச்சிருக்காங்கன்னு தோணும், ஆளுங்கள எடுக்கும்போது அத மறந்துடுங்க. போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தாலும் இலை மேல இருக்குற பளபளப்ப வெட்டி பச்சைய கூட்டிடும், வானத்தையும் அடர்த்தியாக்கும், தேவையில்லாதப்ப கழட்டிடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், சேனல் கிளிப்பிங், அதாவது ஒரு சேனல் உச்சத்துல முட்டி வழியறது. ஜேபெக்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர், ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255 வரைக்கும். நல்ல வெயில்ல சிவப்பு ரோஜாவ எடுத்தா சிவப்பு சேனல் 255 தொட்டு முட்டிக்கும், பச்சையும் நீலமும் கீழ எங்கயோ கெடக்கும். இதழோட மேடும் 255, பக்கத்துல கொஞ்சம் நிழல் விழுந்த மடிப்பும் 255, வித்தியாசம் இல்லன்னா அப்புறம் கண்ணுக்கு மடிப்பு எப்படி தெரியும்? சூரியன் மறையற நேரத்து ஆரஞ்சு திடீர்னு மஞ்சளா மாறுறதும் இதே கதைதான், சிவப்பு மேல போக வழியில்லாம நிக்க பச்சை மட்டும் ஏறிக்கிட்டே போகும், நெறமே மாறிடும்.

வம்பு என்னன்னா கேமரால வெள்ளையா ஒரே ஒரு ஹிஸ்டோகிராம் (எவ்ளோ பிரகாசத்துல எத்தன பிக்சல்னு காட்டுற வரைபடம், இடது இருட்டு, வலது வெளிச்சம்) காட்டுதே அது பெரும்பாலும் பிரகாசத்தோட கணக்கு. அந்த கணக்குல வழக்கமா பச்சைக்கு கிட்டத்தட்ட 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. அதனால சிவப்பு முழுசா வழிஞ்சிருந்தாலும் அந்த ஹிஸ்டோகிராம் நடுவுல சமர்த்தா உக்காந்திருக்கும், நீங்களும் எக்ஸ்போஷர் (உள்ள விழுந்த வெளிச்சம்) கரெக்ட்னு நெனச்சுப்பீங்க. மெனுவுல ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம ஆன் பண்ணுங்க, மூணு சேனலும் தனித்தனியா வரும், எதாவது ஒண்ணு வலது ஓரத்துல செவுத்துல மோதி நிக்குதுன்னா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (வெளிச்சத்த கூட்டி குறைக்கிற செட்டிங்) -0.7 இல்ல -1 வச்சு திரும்ப எடுங்க. படம் கொஞ்சம் இருட்டா தெரியும், பரவால்ல, இருட்ட பின்னாடி தூக்கலாம், வழிஞ்சுபோனத திரும்ப கொண்டுவர முடியாது. மேடைல நீலம், மெஜந்தா எல்ஈடி லைட் அடிக்கிற இடத்துல இன்னும் மோசம், அங்க மூஞ்சியே ஒரு நீலக் கட்டியா போயிடும், -2 வரைக்கும் கூட குறைக்க வேண்டி வரும். ஒயிட் பேலன்சும் (வெளிச்சத்தோட நெறத்துக்கு ஏத்த மாதிரி கலர சரி பண்ற செட்டிங்) பாருங்க, ஏற்கனவே மஞ்சளா இருக்குற வெளிச்சத்துல நிழலுக்குன்னு இருக்குற ஷேட் மோட் வச்சா கேமரா சிவப்ப இன்னும் பெருக்கும்.

இந்த மாதிரி சீனுக்கெல்லாம் ராவுல (சென்சார் பதிவு பண்ணினத அப்படியே வச்சிருக்குற ரா ஃபைல்) எடுக்குறதுதான் என் கட்சி. ஜேபெக்ல ஒரு சேனலுக்கு 256 படி, 14 பிட் ராவுல 16384, ஜேபெக்ல வழிஞ்ச மாதிரி தெரியறது ராவுல பல நேரம் பத்திரமா இருக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, ராவுல எடுத்தாலும் கேமரா காட்டுற ஹிஸ்டோகிராம் உள்ள இருக்குற ஜேபெக் பிரிவ்யூவோடதுதான், அதனால பிக்சர் ஸ்டைல் நியூட்ரல்ல இருந்தா அது கொஞ்சமாச்சும் உண்மைய சொல்லும்.

எடிட்டிங்ல வரிசை முக்கியம். லைட்ரூமோ டார்க்டேபிளோ ராதெரபியோ எதுவா இருந்தாலும் முதல்ல ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஹைலைட்ட சரி பண்ணுங்க, லைட்ரூம்ல புரொஃபைல் அடோபி கலர்ல இருந்தா அடோபி நியூட்ரலுக்கு மாத்தி பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுடும். அப்பவும் ஒரு கலர் மட்டும் துருத்திக்கிட்டு இருந்தா எச்எஸ்எல் பேனல்ல (ஒவ்வொரு கலரையும் தனியா மாத்துற இடம்) அந்த கலரோட சாச்சுரேஷன மட்டும் -15, -20னு குறைங்க, கூடவே அதோட லுமினன்ஸையும் (பிரகாசம்) அசைச்சு பாருங்க, பல நேரம் சாச்சுரேஷன விட அதுதான் மடிப்ப வெளிய கொண்டுவரும். சிவப்ப குறைக்கும்போது உதடும் கன்னமும் செத்துப்போன மாதிரி ஆகும், ஆள் இருக்குற படத்துல மாஸ்க் போட்டு (ஒரு பகுதிய மட்டும் தேர்ந்தெடுத்து) பூவ மட்டும் தொடுங்க. கான்ட்ராஸ்ட் வேணும், கலர் ஏறக்கூடாதுன்னா ஃபோட்டோஷாப்ல கான்ட்ராஸ்ட மாத்துற கர்வ்ஸ் லேயரோட பிளெண்ட் மோட லுமினாசிட்டிக்கு மாத்திடுங்க.

கைல இருக்குறது வழிஞ்ச ஜேபெக் மட்டும்தான்னா சேனல் மிக்சர் (ஒரு சேனல்ல இன்னொண்ண கலக்குற கருவி) இருக்கு, ஃபோட்டோஷாப்லயும் கிம்ப்லயும் உண்டு. சேனல்கள தனித்தனியா பாருங்க, சிவப்புல ஒண்ணும் இல்லன்னாலும் பச்சை சேனல்ல இதழோட மடிப்பு பெரும்பாலும் இருக்கும். சிவப்பு அவுட்புட்ல சிவப்ப 80ஆக்கி பச்சைய 20 ஏத்துங்க, மொத்தம் 100 இருக்கணும், இத பூவுக்கு மட்டும் மாஸ்க் பண்ணுங்க. பச்சையோட விவரம் சிவப்புக்குள்ள வந்துடும், முழுசா ஒரிஜினல் மாதிரி ஆகாது, ஆனா அப்பல் போயிடும். போன்ல மட்டும் எடிட் பண்றவங்க ஸ்னாப்சீட்ல செலக்டிவ் எடுத்து பூ மேல புள்ளி வச்சு சாச்சுரேஷன குறைக்கலாம், ஆனா இல்லாத மடிப்ப அது குடுக்காது.

சில பூவோட நெறம் எஸ்ஆர்ஜிபிக்குள்ளயே அடங்காது, அதுக்கு எக்ஸ்போஷர் எவ்ளோ சரியா வச்சாலும் எக்ஸ்போர்ட் பண்ணும்போது அப்பிக்கும். லைட்ரூம் கிளாசிக்ல டெவலப்ல எஸ் கீ அழுத்தினா சாஃப்ட் புரூஃப் (எக்ஸ்போர்ட் ஆனா எப்படி இருக்கும்னு முன்னாடியே காட்டுறது) வரும், புரொஃபைல் எஸ்ஆர்ஜிபி வச்சுட்டு கேமட் வார்னிங்க ஆன் பண்ணுங்க, அடங்காத இடம் தனியா கலர் அடிச்சு காட்டும், அந்த இடம் சுருங்குற வரைக்கும் அந்த கலர மட்டும் இறக்கிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட் குடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் எந்திரிச்சு போயிட்டு வாங்க, தொடர்ந்து பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு அந்த கலருக்கு பழகிடும், திரும்ப வந்து பாக்கும்போதுதான் இன்னும் ஏறி இருக்கா இல்ல ஓவரா இறக்கிட்டமான்னு தெரியும்.