தெருவோரம் கிடைத்த பூனைக்குட்டி: முதல் நாள்

கண் திறக்காத குட்டியைக் கண்டதும் தூக்கிவிடாதீர்கள். தாய் ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டி கதகதப்பாக இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

ரீல்ஸ் போட்டுப் பிரபலமாக்குவதெல்லாம் அப்புறம். முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு தாங்காமல் விலகிப் போகவும் இடம் விடுங்கள். உடல் சில்லிட்டிருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது. பசும்பால் வேண்டவே வேண்டாம், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிவிடும். பூனைக்குட்டிக்கான பால்பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்து, முதல் வாரத்தில் 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுங்கள். குப்புறப் படுத்தபடியே குடிக்கட்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். தாய் நக்கிவிடாமல் அதற்குச் சிறுநீர் வராது. தானாகக் கழிக்க ஏறத்தாழ 3 வாரமாகும்.