நாற்பதுக்கு மேல் ஆர்மோனியம்: முதல் மாதம் இப்படித் தொடங்குங்கள்

எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயிலில் பஜனைக்கு வாசித்தவர் மகனோடு கோலாலம்பூர் போய்விட்டார். ஆர்மோனியப் பெட்டி ஆறு மாதம் துணி போர்த்திக் கிடந்தது. 47 வயதில் நான் அதைத் திறந்தபோது, "இந்த வயசுல விரல் வளையுமா?" என்று சிரித்தார்கள். விரல் நன்றாகவே வளைந்தது. பழக வேண்டியது மூளைதான்.

முதலில் ஐந்து சுரம் போதும். ஒரு கட்டைச் சுருதியில் (ஸ என்பது மேற்கத்திய C கட்டை) தொடக்கப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகம்: ஸ வெள்ளை, ரி கறுப்பு, க ம ப மூன்றும் வெள்ளை. வலது கட்டைவிரலில் தொடங்கி சுண்டுவிரல் வரை ஆளுக்கொரு சுரம். இந்தப் பங்கீட்டை நாளுக்கொரு விதமாக மாற்றாதீர்கள். அழுத்தும்போதே வாயாலும் பாடுங்கள். காதும் கையும் சேர்ந்து பழகும்.

1995இல் நரம்பியல் ஆய்வாளர் பாஸ்குவல்-லியோனின் குழு, பியானோ தெரியாத பெரியவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தது. நாளுக்கு 2 மணி நேரம், 5 நாள். அந்த விரல்களை இயக்கும் மூளைப் பகுதி விரிந்திருந்தது. வாசிப்பதாக மனத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் அப்படியே! அதனால், செம்பனை லோரிக்குக் காத்திருக்கும் நேரமும் உங்கள் பயிற்சி நேரம்தான்.

அடுத்து, நிறுத்தப் பழகுங்கள். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 10 விநாடி வாசித்து 10 விநாடி சும்மா இருங்கள். புதிதாக விரல்வரிசை பழகுபவர்களைப் பார்த்த 2019ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், தொடக்க முன்னேற்றம் பெரும்பாலும் அந்தச் சிறு ஓய்வுகளில்தான் வந்தது. வாசித்ததை மூளை அப்போது வேகமாகத் திருப்பி ஓட்டிப் பார்க்கிறது.

வேகம் வேண்டாம். தப்பாக வாசித்தால் தப்பும் படிந்துவிடும். அதைக் கழற்றுவது பெரும்பாடு.

காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போகிறவர்கள் இரவில் 15 நிமிடம் வாசித்துவிட்டுப் படுங்கள். தூக்கத்தில் பாடம் உறைக்கும். நேற்று இடறிய 'க ம' காலையில் தானாக வரும்போது சிரிப்பு வரும்.

துருத்தியை மறந்தேனே! முதல் வாரம் இடக்கைக்குத் தனியாக, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காற்று சீராக வருகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் சேருங்கள். சேர்த்த அன்று எல்லாம் மறந்ததுபோல் இருக்கும், பயப்படாதீர்கள். நான் முதல் வெள்ளிக்கிழமை பஜனையில் துருத்தி மட்டும்தான் அழுத்தினேன். கட்டைகளைப் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டான்.