கதிர்வீச்சிலிருந்து காக்கும் மருந்தைச் சோதிக்க: சுண்டெலி அறையில் கற்றவை

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: மருந்து கதிருக்கு முன்னா, பின்னா?

பதினோரு வருஷம் கதிர்வீச்சு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளோடு இருந்தவள் நான். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. முன்னால் கொடுத்துக் காப்பாற்றும் மருந்து வேறு, கதிர் பட்டபின் கொடுத்துத் தேற்றும் மருந்து வேறு. அமிஃபோஸ்டின் முதல் வகை. கதிர் பாய்ச்சுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு நரம்பில் ஏற்ற வேண்டும். 2015ல் அமெரிக்காவில் கதிர்நோய்க்கு அனுமதி பெற்ற ஃபில்கிராஸ்டிம் இரண்டாம் வகை. அழிந்த வெள்ளணுக்களின் இடத்தில் புதியவை பிறக்கத் தூண்டும். எந்த வகை என்று முடிவாகாமல் ஊசி நேரத்தைக் குறிக்கவே முடியாது. (அயோடின் மாத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் அது தடுக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பாயும் காமா கதிருக்கு அதனால் பயனில்லை.)

எலியைத் தொடுவதற்கு முன் ரத்த அணுக்களில் பாருங்கள். குழாயில் எடுத்த லிம்போசைட்டுகளுக்கு (ஒரு வகை வெள்ளணு) மருந்து கொடுத்து, 2 கிரே (கிரே என்பது உடல் வாங்கும் கதிரின் அலகு) கதிர் பாய்ச்சி, வளர்த்து, நுண்கருக்களை, அதாவது உடைந்த குரோமோசோம் துண்டுகளால் அணுவுக்குள் உருவாகும் சிறு கருக்களை எண்ணுங்கள். அங்கேயே வித்தியாசம் தெரியாத மருந்துக்காக நூறு உயிர்களைக் கேட்டு விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் நிற்க எனக்கு மனம் வராது. அதன்பின் கதிரே இல்லாமல் மருந்தின் நச்சை அளந்து, எலி தாங்கும் உச்ச அளவைக் கண்டுபிடியுங்கள். சோதனைக்கு அதில் ஒரு பங்குதான்.

இனி கதிர் மூலம். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருஷம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் வீரியம் குறையும். எங்கள் கூடத்தில் நான் செய்த தவறு இங்கேதான். மருந்தில்லாத குழுவுக்கு ஒரு நாள் கதிர் பாய்ச்சினேன். மருந்து வந்து சேர ஐந்து மாதம் ஆனது. பழைய அட்டவணையில் இருந்த அதே நிமிடங்களை வைத்து மருந்துக் குழுவுக்கும் பாய்ச்சினேன். 8 கிரே என்று எழுதினேன், எலிகள் வாங்கியதோ 7.57. மருந்து அற்புதமாக வேலை செய்ததாகத் தெரிந்தது. டோஸ் கூடக்கூடச் சாவு எப்படிக் கூடுகிறது என்று வரையும் வளைவு 8 கிரேயை ஒட்டிச் செங்குத்தாக இருக்கும். அரை கிரேகூட இல்லாத அந்த வித்தியாசமே பல எலிகளைப் பிழைக்கவைக்கப் போதும். மூன்று மாத வேலையைக் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து இரு குழுக்களுக்கும் ஒரே நாளில், ஒரே மணியில்தான் கதிர். மருத்துவ இயற்பியலாளரைக் கூப்பிட்டு அன்றைய டோஸ் வீதத்தை அளந்து கையெழுத்து வாங்குங்கள். மருந்தில்லாத குழுவுக்கும் ஊசி போடுங்கள். மருந்து கரைந்திருக்கும் திரவம் மட்டும் அதில் இருக்கட்டும்.

எத்தனை டோஸ்? ஒன்று போதாது. 9 கிரேயில் மருந்து இல்லாமல் எல்லாம் செத்தன, மருந்தோடு பத்தில் எட்டு பிழைத்தன என்று பலர் எழுதி முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு காப்பாற்றியது என்பதற்கு அதில் விடையில்லை. மருந்தோடும் மருந்தில்லாமலும் ஐந்து டோஸ்களில் சாவை எண்ணி, முப்பது நாளுக்குள் பாதி எலி சாகும் அளவை இரண்டு பக்கமும் கண்டுபிடியுங்கள். மருந்தில்லாமல் 8 கிரே, மருந்தோடு 10.4 கிரே என்று வந்தால் ஒன்றை மற்றதால் வகுக்க 1.3. இந்த எண்ணுக்குத்தான் நாம் உழைக்கிறோம். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்தபோது மேலே வந்த டபிள்யூ ஆர்-2721, அதாவது அமிஃபோஸ்டின், எலியில் 2.7 வரை போனது. உங்கள் மூலிகைச் சாறு 1.2 கொடுத்தாலும் நேர்மையாக 1.2 என்றே எழுதுங்கள்.

முப்பது நாள் ஏன் என்றால், அதிக டோஸில் குடல் கெட்டுச் சாகிற எலி முதல் பத்து நாளுக்குள் போய்விடும். எலும்பு மஜ்ஜை வற்றிச் சாவது அதன்பின் முப்பதாம் நாள் வரை நீளும். எந்த நாளில் எது செத்தது என்ற குறிப்பே மருந்து எந்த உறுப்பைத் தாங்கியது என்று சொல்லும். அதை உறுதிசெய்ய, மஜ்ஜையைப் பொறுத்தவரை, கதிர் பட்ட பத்தாம் நாளை ஒட்டி மண்ணீரலின் மேல் எழும் முடிச்சுகளை எண்ணலாம். ஒவ்வொரு முடிச்சும் பிற ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் ஒரே மூல அணுவிலிருந்து (ஸ்டெம் செல்) வந்தது என்ற புரிதல் டொரோண்டோவில் டில், மெக்கல்லக் இருவரின் 1961ஆம் ஆண்டு வேலையில் தொடங்கியது. குடலுக்கு, மூன்றரை நாளில் சிறுகுடலின் குறுக்குவெட்டில் குடலின் புதிய அணுக்கள் பிறக்கும் குழிகளில் உயிரோடிருப்பவற்றை எண்ண வேண்டும்.

இனி சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு சேர்மத்தில் காப்பு நன்றாக வந்தது. ஊசி போட்ட அரை மணியில் எலிகள் மூலையில் சுருண்டன. ஒன்றைக் கையில் எடுத்தேன், சில்லென்றிருந்தது. ஆசனவாய் வெப்பமானி 31 டிகிரி காட்டியது, இருக்க வேண்டியது 37ஐ ஒட்டி. உடல் குளிர்ந்து மூச்சு மந்தமானால் திசுவில் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் வற்றிய அணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. எலியைச் சூட்டுப் பலகையில் வைத்து மறுபடி செய்தபோது காப்பில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே 15, 30, 60ஆம் நிமிடங்களில் வெப்பத்தைக் குறியுங்கள், மூச்சையும் பாருங்கள். மனிதருக்குக் கொடுக்கவே முடியாத ஒன்றை இந்த ஒரு அளவீடு ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும். அமிஃபோஸ்டினே ரத்த அழுத்தத்தை இறக்கும், வாந்தி வரவழைக்கும். புற்றுநோய் வார்டில் அதைப் பரவலாகக் கொடுக்க இவை தடையாக இருக்கின்றன.

கூண்டு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். தண்ணீரில் சூடோமோனாஸ் கிருமி இருந்தால் வெள்ளணு இல்லாத எலி அதனால் சாகும், நீங்களோ கதிரால் செத்தது என்று எண்ணுவீர்கள். அமிலமேற்றிய தண்ணீர் வையுங்கள். காலை, மாலை இரண்டு முறை போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து எழ முடியாமல் கிடக்கிற எலியைச் சாகும்வரை காத்திருக்க விடாதீர்கள். வலியில்லாமல் முடித்து, அதைச் சாவாகவே பதியுங்கள். இந்த விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எந்தக் கூண்டுக்கு மருந்து என்று தெரியாதவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூலிகையில் இறங்குகிறவர்களுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. மணிப்பாலில் உமாதேவி குழு துளசியிலிருந்து ஒரியண்டின், விசெனின் என்ற இரண்டு ஃபிளேவனாய்டுகளை (ஒரு வகைத் தாவரச் சேர்மங்கள்) தனியே பிரித்தே சோதித்தது. "துளசிச் சாறு" என்று மட்டும் எழுதினால் ஆடிமாத இலையும் மாசிமாத இலையும் ஒன்றாகிவிடும். ஒரு சேர்மத்தையாவது அளந்து, ஒவ்வொரு தொகுதியிலும் அது எவ்வளவு என்று குறியுங்கள்.

மனிதரிடம் இதே சோதனையைச் செய்ய முடியாது. ஆரோக்கியமானவருக்குச் சாகும் அளவு கதிர் யாரும் பாய்ச்ச மாட்டார்கள். அதற்காகவே அமெரிக்காவில் 2002ல் ஒரு விதி வந்தது. பலனை விலங்குகளில் காட்டலாம், பாதுகாப்பை மனிதரில் காட்ட வேண்டும். ஃபில்கிராஸ்டிம் இந்த வழியில்தான் வந்தது.

புற்றுநோய்க் கதிர் சிகிச்சைக்காக என்றால் இன்னொரு சோதனை பாக்கி. உடலில் புற்றுக்கட்டி வளரவைத்த எலிக்கு மருந்தும் கதிரும் கொடுத்து, மருந்து கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறதா என்று வாரத்துக்கு மூன்று நாள் காலிப்பரால் அளந்து பாருங்கள். காப்பாற்றினால் அந்த மருந்தைப் புற்றுநோயாளியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.