ஆறுக்கு நாலு பலகையில் முதல் ரயில்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் பாதியை ஆறடிக்கு நாலடி மாடல் ரயில் பலகை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரே ஒரு நீள்வட்டத் தண்டவாளம், பக்கத்தில் பிரிந்து முடியும் ஒரு சைடிங், ஒரு சின்ன டீசல் இன்ஜின், ஐந்து சரக்கு வேகன்கள். வேலை முடிந்து வந்ததும் தினமும் கால் மணி நேரமாவது அதன் முன்னால் உட்காருவேன். பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் "நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எங்கே தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரம், மலை, ஸ்டேஷன் கட்டடம் எல்லாம் பிறகு வரட்டும். உங்கள் இன்ஜின் ஒரு முழுச் சுற்றை ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டு, எங்கேயும் திக்காமல், நிற்காமல், ஊர்ந்து முடிக்க வேண்டும். அதுவரைக்கும் வேறு எதையும் தொடாதீர்கள். ஆசையாகத் தொடங்கிவிட்டுப் பாதியில் பரணில் ஏற்றியவர்கள் சிலரை எனக்குத் தெரியும், எல்லோருக்கும் நடந்தது ஒன்றுதான்: தண்டவாளம் சரியாகும் முன்பே மலை கட்டிவிட்டார்கள், அப்புறம் ரயில் சுரங்கத்துக்குள் போய் நின்றுவிட்டது.

அளவு

ஹெச்ஓ அளவில் தொடங்குங்கள். நிஜத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது அது, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'என்' (N) என்று இன்னொரு அளவு உண்டு, சிறிய வீடுகளுக்கு வசதியானது. 160இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. ஆனால் அதன் இன்ஜின்கள் எடை குறைந்தவை, கொஞ்சம் தூசி இருந்தாலும் சக்கரத்துக்கு மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். முதல்முறை செய்பவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வருகிறது, அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் ஸ்டாண்டர்ட் கேஜ். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. ஆயிற்றே? ஆமாம், சரியாகச் சுருக்கினால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். ஆனாலும் நம் ஊர் ரயில் மாடல்கள் பெரும்பாலும் அந்த 16.5இலேயே ஓடுகின்றன, பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. எனக்கு உண்மையில் ஆசை மீட்டர் கேஜ் மேல்தான். 1931இல் மின்மயமாகி, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய அந்தக் குட்டி மின்சார ரயிலில் போய் வளர்ந்தவன் நான். அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும், வண்டியைப் பெரும்பாலும் நாமே கையால் செய்ய வேண்டும். அது இரண்டாவது பலகைக்கு.

எதை வாங்குவது

இன்ஜின், நாலைந்து வேகன், ஒரு வட்டத்துக்கான தண்டவாளம், கன்ட்ரோலர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஆரம்பநிலை செட் போதும். சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரே முதல் வருஷத்துக்குத் தாராளம், ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக டிஜிட்டலில் இயக்கும் டிசிசி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது தண்டவாளம் எந்த உலோகம் என்பதை. நிக்கல் சில்வர் என்று போட்டிருக்க வேண்டும். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பழைய செட்டுகளில் ஸ்டீல் தண்டவாளம் வரும், சென்னைக் கடற்காற்றுக்கு அது துருப்பிடித்துவிடும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து வளைவு. புதியவர்கள் இடறும் இடம் இது. செட்டில் வரும் வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் 36 முதல் 46 செ.மீ.க்குள் இருக்கும். பெரம்பூரில் செய்த பழைய நீல ஐசிஎஃப் பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம், ஹெச்ஓவில் அது 24.5 செ.மீ. வண்டியின் நீளத்தைப் போல இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் நம்பி ஓட்டலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அப்படியென்றால் ஐசிஎஃப் பெட்டிக்கு 60 செ.மீ.க்கு மேல் ஆரம் வேண்டும், ஆறுக்கு நாலு பலகையில் அது அடங்காது. ஆகவே முதல் ரயில் சரக்கு ரயிலாக இருக்கட்டும். குட்டை இன்ஜின், குட்டை வேகன்கள், 45 செ.மீ. ஆரம். 24 பெட்டி எக்ஸ்பிரஸை அப்படியே செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: பெட்டிகள் மட்டுமே கிட்டத்தட்ட 6 மீட்டர் வரும்.

பலகை

8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட் வாங்கி, கடையிலேயே 6 அடியில் அறுத்து வாங்குங்கள். 12 மி.மீ. கனம் போதும், ஆனால் அடியில் 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் மரச்சட்டம் அடித்து, நடுவில் குறுக்கே இரண்டு சட்டமாவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிடும். பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். 4 அடி அகலத்துக்கு எந்தக் கையும் எட்டாது, தூரத்து மூலையில்தான் ரயில் தடம் புரளும். காலுக்குச் சக்கரம் வைத்து இழுத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் பட்ட அடி. நவம்பர் மாதம், விடாத மழை, நான் பிளைவுட்டுக்கு ஒன்றும் பூசாமல் தண்டவாளத்தை இணைப்பு இணைப்பாக நெருக்கி ஆணி அடித்து முடித்தேன். அன்றைக்கு அருமையாக ஓடியது. ஏப்ரலில் ஒரு நாள் மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தால் ஜன்னல் பக்கத்து நேர்த்தடம் பாம்பு மாதிரி நெளிந்திருக்கிறது. மழையில் ஈரம் குடித்து ஊதியிருந்த மரம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது, தண்டவாளத்துக்கு நகர இடமில்லை, பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது. முழுவதையும் பெயர்த்தேன். அதிலிருந்து இரண்டு பழக்கம். பலகையின் மேல், கீழ், நான்கு விளிம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் மர பிரைமர். அப்புறம் மழைக்காலத்தில் தண்டவாளம் போட்டால், இரண்டு மூன்று இணைப்புக்கு ஒரு தடவை ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி.

கடைசியாக ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பாருங்கள். மேடு பள்ளம் வேண்டாம் முதல் பலகையில். மாடல் இன்ஜினுக்கு ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம் என்பதே நல்ல ஏற்றம். நீலகிரி ரயில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறதே என்றால், அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பற்சட்டம் இருக்கிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.

தண்டவாளம் போடுவது

ஆணி அடிக்காமல் முதலில் வெறுமனே பரப்பி வையுங்கள். இரண்டு நாள் அப்படியே ஓட்டுங்கள். வளைவை வலுக்கட்டாயமாக இழுத்து இணைக்க வேண்டியிருந்தால் எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது, பிரித்து மறுபடி வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் இந்தச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேல் லேசாக வைத்து இணைப்பைக் கடந்து இழுங்கள். நகம் "டிக்" என்று தட்டினால் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது. உள் விளிம்பிலும் அதேபோல் இழுத்துப் பாருங்கள், சக்கரத்தின் விளிம்பு உரசிப் போகும் இடம் அதுதான். பெரும்பாலும் தண்டவாளம் இணைப்புத் தகடுக்குள் நுழையாமல் அதன் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். கழற்றி, நேராக நுழைத்து, மறுபடி நகம். என் பலகையில் மொத்தம் 4 மீட்டர் தடத்துக்கு இந்த வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எடுத்துக்கொண்டது, அந்த நாளை நான் வீணாக நினைக்கவே இல்லை. நகம் போதவில்லை என்றால் கன்னத்தைப் பலகையில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு டார்ச்சைக் கிடத்தி, தண்டவாளத்தின் மேல் ஓடும் ஒளிக்கோட்டைப் பாருங்கள். கோடு உடையும் இடத்தில் ரயிலும் குதிக்கும்.

ஆணி அடிக்கும்போது ஆணித்தலை ஸ்லீப்பரை, அதாவது தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கட்டையை, தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இறுக்கினால் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து இரண்டு தண்டவாளமும் உள்பக்கம் சாயும், சக்கரம் சிக்கும்.

வயர்

கன்ட்ரோலரில் இருந்து ஒரே ஒரு இடத்தில் மின்சாரம் கொடுத்தால் முதல் மாதம் ஓடும். இணைப்புத் தகடுகள் கறுக்க ஆரம்பித்ததும் கன்ட்ரோலருக்கு எதிர்ப்பக்கம் போகும்போது ரயில் மெதுவாகும். அதற்கு மீட்டருக்கு ஒரு ஜோடி என்று நாலு ஜோடி வயர் கொடுங்கள். பலகைக்கு அடியில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, தடித்த வயராகச் சுற்றி வரட்டும். அதிலிருந்து மெல்லிய வயர்கள் துளை வழியாக மேலே வந்து தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சேரட்டும். சிவப்பு எப்போதும் வெளிவட்டத் தண்டவாளம், கறுப்பு எப்போதும் உள்வட்டம். ஒரு இடத்தில் மாறினாலும் ஷார்ட் ஆகும்.

சால்டரிங் பயம் எல்லோருக்கும் உண்டு. பற்றவைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சைத் தண்டவாளத்தின் மேல் வையுங்கள், பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாமல் அது சூட்டைக் குடித்துக்கொள்ளும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் பிளக்ஸ் பசை தொட்டு, கொஞ்சம் ஈயம் ஏற்றுங்கள். வயர் நுனியிலும் தனியாக ஈயம் ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து சால்டரிங் அயர்னின் சுத்தமான நுனியை வைத்தால், இரண்டு மூன்று விநாடியில் ஈயம் பளிச்சென்று ஒன்றாக ஓடும். அயர்னை எடுத்துவிட்டு, வயரை ஆட்டாமல் ஐந்து எண்ணுங்கள். மங்கலாக, பொரிந்த மாதிரி ஆறினால் பிடிக்கவில்லை, மறுபடி சூடாக்குங்கள்.

சோதனை ஓட்டம்

4 மீட்டர் சுற்றை 8 விநாடியில் முடித்தால் அது நிஜத்தில் மணிக்கு கிட்டத்தட்ட 157 கி.மீ.க்குச் சமம். நம் ஊர்ச் சரக்கு ரயில்கள் அப்படிப் போவதில்லை. 60 கி.மீ. வேகம் என்றால் ஒரு சுற்றுக்கு 21 விநாடி. நான் முதலில் சொன்ன ஒன்றரை நிமிடச் சுற்று மணிக்கு 14 கி.மீ. வரும், யார்டுக்குள் ஊர்ந்து போகும் வேகம். கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டிப் பாருங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அங்கே நகம், டார்ச், வயர் மூன்றையும் பாருங்கள்.

தினசரி கால் மணி நேரம்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடியிருக்கும் பழைய வேட்டியை மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும், உதறினால் தூசி முழுக்கத் தடத்தில்தான் விழும். பருத்தித் துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தின் மேல் ஒரு சுற்று இழுத்தால் துணியில் கறுப்புக் கோடு விழும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பறக்கும் மின்பொறியும், தூசியும், சமையலறையிலிருந்து வரும் தாளிப்புப் புகையும் சேர்ந்த கறுப்பு அது. உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்க்கவே வேண்டாம், கீறலுக்குள் அழுக்கு குடியேறிவிடும்.

மாதம் ஒரு தடவை சக்கரம். டிஷ்யூ பேப்பரை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு போகியை (அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை) அதன்மேலும் இன்னொன்றை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். பேப்பரில் இரண்டு கறுப்புக் கோடு விழும். திருப்பி வைத்து மறுபக்கம். என் அக்கா மகள் வந்தால் இந்த வேலையை வேறு யாருக்கும் விடமாட்டாள். எண்ணெய் போடுவதாக இருந்தால் ஊசி முனையில் நிற்கும் ஒரு துளி, அதுவும் வருஷத்துக்கு இரண்டு தடவை.

ஜல்லி

ஒன்றரை நிமிடச் சுற்று இரண்டு வாரம் தொடர்ந்து ஓடிவிட்டதா? சரி, இப்போது ஜல்லி கொட்டலாம். ரயில்வே போடும் கருங்கல் ஜல்லி 20 முதல் 65 மி.மீ. வரை இருக்கும். 87ஆல் வகுத்தால் பெரிய கல்லே முக்கால் மி.மீ.தான், கிட்டத்தட்ட ரவை அளவு. எம்-சாண்டை ரவை சலிக்கும் சல்லடையில் சலித்தால் அளவும் நிறமும் நம் ஊர் ஜல்லி மாதிரியே கிடைக்கிறது, அதுவும் கருங்கல்தானே. கழுவிக் காயவைத்த பிறகு, ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் நாலைந்து தடவை துழாவுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுவைத்தால் நேராக இன்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டும்.

ஸ்பூனால் தூவி, சின்ன பெயின்ட் பிரஷால் ஸ்லீப்பர்களுக்கு நடுவில் நிரவி, தண்டவாளத்தின் உள்பக்கம் ஒரு மணல்கூட ஏறி நிற்காமல் தட்டிவிடுங்கள். சைடிங்குக்குத் தடம் பிரியும் பாயிண்ட் அசையும் இடத்தில் மட்டும் ஜல்லியே வேண்டாம். ஃபெவிகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. முதலில் வெறும் தண்ணீரை ஸ்பிரேயால் பனி மாதிரி அடித்து மணலை நனைத்துவிட்டு, பிறகு மருந்து டிராப்பரால் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாகத் திரண்டு மணலையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு முழு நாள் காயட்டும். மறுநாள் மாலை பழைய டூத்பிரஷால் தண்டவாளத்தின் உள் விளிம்பைத் தேய்த்து, வேக்குவம் கிளீனர் வாயில் ஒரு துணி கட்டி உதிரி மணலை உறிஞ்சி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஸ்டாப்வாட்சை எடுங்கள். அதே ஒன்றரை நிமிடம் மறுபடி வர வேண்டும்.