காப்பகத்துக்குக் கிளம்பும் முன் பெட்டி எண்ணைக் குறியுங்கள்

அமெரிக்க வலதுசாரி அரசியல் வரலாற்றை ஆராய்பவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, அந்தந்த ஆவணக் காப்பகத்தில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று சொல்லும் விவரப் பட்டியலை இணையத்தில் படித்து, வேண்டிய பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் படிக்கக் காசு கிடையாது. ஒருவரைப் பற்றிய ஆவணங்கள் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. உதாரணமாக, வலதுசாரி எழுத்தாளரும் இதழாசிரியருமான வில்லியம் பக்லியின் கடிதங்களும் தாள்களும் கிழக்கே யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1966 முதல் 1999 வரை அவர் நடத்திய 'ஃபயரிங் லைன்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவுகளோ மேற்குக் கோடியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹூவர் காப்பகத்தில். தவறான ஊருக்குப் போனால் விமானச் செலவு அத்தனையும் வீண். அப்புறம், எண்ணை முன்பே சொல்லிவிட்டால் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரமும் குறையும்.

இன்னும் வகைப்படுத்தி முடிக்காத தொகுப்புகளுக்கு இது உதவாது. அங்கே காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதே வழி.