என்சைம் வைக்கும் முன் மின்வாய்ப் பட்டையைச் சோதிப்பது எப்படி?

ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரில் செருகும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் மின்வாய்கள், கரி மையையும் வெள்ளி மையையும் சல்லடைத் திரை வழியே தள்ளி அச்சிட்டவை. ஆய்வகப் பட்டைகளும் அதே இனம்தான். புதியவர்கள் பலர் உறையைப் பிரித்ததும் நேரே என்சைமை, அதாவது அளக்க வேண்டிய பொருளோடு வினைபுரியும் புரதத்தை, வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அளவு தவறினால் கோளாறு என்சைமிலா, பட்டையிலா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் முதலில் வெறும் பட்டையைச் சோதிப்போம்.

பட்டையின் முனையில் மூன்று மின்வாய்கள் இருக்கும். நடுவில் உள்ள வட்டம் செயல் மின்வாய். நாம் அளக்கும் வினை அங்கேதான் நடக்கிறது. அதை வளைத்திருப்பது துணை மின்வாய். சிலர் எதிர் மின்வாய் என்பார்கள். கேத்தோடு என்று குழம்புவதால் நான் அப்படி எழுதுவதில்லை. வெள்ளி நிறத்தில் இருப்பது ஒப்பீட்டு மின்வாய். செயல் மின்வாயின் மின்னழுத்தத்தை இதை வைத்துத்தான் அளக்கிறோம்.

படி 1: 0.165 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் 0.75 கிராம் பொட்டாசியம் குளோரைடையும் நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். இதன் பக்கத்தில் அமிலம் வரவே கூடாது; நச்சு வாயுவான ஹைட்ரஜன் சயனைடு உண்டாகலாம்.

படி 2: பட்டையைப் பொட்டென்ஷியோஸ்டாட்டில் (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) செருகி, கிடைமட்டமாக வைத்து, பைப்பெட்டால் சுமார் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். துளி மூன்று மின்வாய்களையும் மூட வேண்டும். இணைப்பி பக்கம் வழியக் கூடாது. குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். வட்டத்தை விரலால் தொடாதீர்கள்.

படி 3: மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரையும் முறையான சைக்ளிக் வோல்டாமெட்ரியைத் தேர்ந்து, +0.6 வோல்ட்டிலிருந்து -0.3 வரை இறங்கி மீண்டும் ஏறும்படி, விநாடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் ஓட்டுங்கள்.

படி 4: திரையில் மேலும் கீழுமாக இரண்டு உச்சங்கள் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள மின்னழுத்த இடைவெளியை அளந்து பாருங்கள். கோட்பாட்டின்படி 25 டிகிரி செல்சியஸில் அது ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். கரிப் பட்டையில் 100-ஐத் தாண்டுவது சகஜம், பயப்பட வேண்டாம். மையில் கலந்த பிசின் எலக்ட்ரான் ஓட்டத்தை மந்தமாக்குகிறது. ஆனால் உச்சமே வராமல் தட்டையான கோடு வந்தால், பெரும்பாலும் பட்டை தலைகீழாகச் செருகப்பட்டிருக்கும், அல்லது துளி ஒரு மின்வாயைத் தொட்டிருக்காது. இரண்டு உச்சங்களும் சேர்ந்தே ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் ஒப்பீட்டு மின்வாயைச் சந்தேகியுங்கள். அது பொதுவாக வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாய்; அதன் மின்னழுத்தம் கரைசலின் குளோரைடு அளவைப் பொறுத்தது. குளோரைடு அளவு பத்து மடங்கு மாறினாலே கிட்டத்தட்ட 59 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும்.

மூன்று பட்டைகளில் இதைச் செய்து உச்ச மின்னோட்டம் ஒத்துவந்தால் சரி, அதே தொகுதியிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்து என்சைமை வையுங்கள்.