தொலைவழி மருந்து விற்பனை வரம்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கடைப்புக்கு மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடிய சூடோஎஃபெட்ரின் மாத்திரையிலிருந்து மெத்தாம்ஃபெட்டமைன் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்க முடியும் என்பதால், அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2006ஆம் ஆண்டு முதல் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. அஞ்சலிலும் இணையத்திலும் விற்போருக்கும் இது பொருந்தும்.

இவர்கள் தவிர்க்க வேண்டிய பெருந்தவறு, பணம் வந்து சேர்ந்ததையே அடையாளச் சான்றாக எடுத்துக்கொள்வது. கடையில் வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். தொலைவழி விற்பனையிலோ வாங்குபவரின் முகமே தெரிவதில்லை. ஆகவே, அடையாள அட்டையின் நகலைப் பெற்று, அதிலுள்ள பெயரும் முகவரியும் வாங்குபவர் கொடுத்த விவரங்களுடன் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பொதியை அனுப்ப வேண்டும் என்கிறது விதி. இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டுப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது, இந்த ஏற்பாட்டின் நோக்கத்தையே வீணாக்கிவிடும்.

அடுத்தது அளவு. ஒரு நாளைக்கு 3.6 கிராம் என்பது இரு வகை விற்பனைக்கும் பொது. ஆனால் ஒருவர் 30 நாட்களில் மொத்தமாக 9 கிராம் வரை வாங்கலாம் என்றாலும், அஞ்சல் வழி விற்பவர் அதே காலத்தில் ஒருவருக்கு 7.5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. அந்த 9 கிராம் வரம்பை அப்படியே கணினியில் பதிந்து வைத்துக்கொள்வது சட்டமீறலில் முடியும். வரம்பைத் தெரிந்தே மீறி வாங்குபவரும் குற்றவாளியே. மேலும், இந்தக் கிராம்கள் மாத்திரையில் உள்ள உப்பின் (ஹைட்ரோகுளோரைடு போன்றவற்றுடன் சேர்ந்த மருந்தின்) எடையை அல்ல, அதிலுள்ள சூடோஎஃபெட்ரின் என்னும் மூலப்பொருளின் எடையை மட்டுமே குறிக்கின்றன. 60 மில்லிகிராம் சூடோஎஃபெட்ரின் ஹைட்ரோகுளோரைடு மாத்திரையில் மூலப்பொருள் ஏறத்தாழ 49 மில்லிகிராமே உள்ளதால், 7.5 கிராம் என்பது 152 மாத்திரைகள். உறையில் அச்சிட்ட எடையை வைத்துக் கணக்கிட்டால் 125இல் நின்றுவிடும். இந்தப் பிழையால் சட்டம் மீறப்படாது, நேர்மையாக வாங்கும் நோயாளிதான் குறைவாகப் பெறுவார்.

கூட்டாட்சிச் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறு. ஓரிகன் மாநிலம் 2006 முதல் 2021 இறுதிவரை இம்மருந்துக்கு மருத்துவர் சீட்டையே கட்டாயமாக்கியிருந்தது. பொதி போய்ச் சேரும் மாநிலத்தின் விதியைப் பாராமல் அனுப்புவது ஆபத்து.

கெடுபிடியைத் தவிர்க்கப் பலர் நாடும் மாற்றுவழி ஃபினைலெஃப்ரின் மாத்திரை. அது இக்கட்டுப்பாட்டுக்குள் வராது என்பது உண்மை. ஆனால் வாய்வழி உட்கொள்ளும்போது அது மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாக முடிவு செய்தது. ஒரே வணிகப் பெயரில் இரு மருந்துகளும் விற்கப்படுவதால், வாங்குபவர் பெட்டியின் முகப்பைவிட அதன் பின்புறத்தில் உள்ள செயல்படு மூலப்பொருளின் பெயரைப் படிப்பதே நல்லது.